சுரங்கம் மூடியது, ஊர் மூடவில்லை

தங்கம் எடுப்பதை நிறுத்தி ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கோலார் தங்க வயலில் வேலை இல்லை, நீர் இல்லை, பல வீடுகளுக்குப் பத்திரமும் இல்லை. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள்.

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. டிபன் கேரியரும் தோள்பையுமாக வருபவர்களில் கொத்தனார் இருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் இருக்கிறார், தையல் ஆலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள், வங்கி ஊழியரும் கல்லூரி மாணவரும் இருக்கிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வழியில் உள்ள சிறு நிலையங்களிலும் கூட்டம் ஏறுகிறது. பங்காருப்பேட்டை வருவதற்குள் கால் வைக்க இடமில்லை. அதன் பிறகு சிலர் சீட்டாடுகிறார்கள், பலர் தூங்குகிறார்கள். பெங்களூரு சுமார் 100 கி.மீ. தூரம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு மாதம் 25 நாட்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். மாதத்தில் முழுதாக ஐந்து பகலும் ஐந்து இரவும் ரயிலிலேயே கழிகிறது.

இந்தக் கிளைப் பாதை 1894-இல் சுரங்கத்துக்காகவே போடப்பட்டது. அந்தக் காலத்தில் அது உள்ளே கொண்டுவந்தது இயந்திரங்களையும் நிலக்கரியையும் கூலிகளையும். இன்று அதே பாதை காலையில் ஆட்களை வெளியே கொண்டுபோகிறது, இரவில் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது.

ஊரின் நிலைமையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலார் தங்க வயலின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அன்றைய மைசூர் ராஜ்யத்தின் பெரிய நகரங்களில் அது ஒன்று. அறுபது ஆண்டுகள் கழித்து 2011-இல் கணக்கெடுத்தபோது 1.6 லட்சத்துக்குச் சற்று அதிகம். இந்த அறுபது ஆண்டுகளில் இந்தியா 36 கோடியிலிருந்து 121 கோடியானது. பெங்களூரு எட்டு லட்சத்துக்கும் குறைவிலிருந்து 80 லட்சத்தைத் தாண்டியது. தங்க வயல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒரு ஊரின் மக்கள்தொகை அறுபது ஆண்டுகள் அசையாமல் இருந்தால் அங்கே பிள்ளைகள் பிறக்கவில்லை என்று பொருளில்லை. பிறந்தவர்களில் பெரும்பகுதி வெளியே போய்விட்டார்கள் என்று பொருள். பெங்களூருக்கு, சென்னைக்கு, வளைகுடாவுக்கு, ராணுவத்துக்கு, ரயில்வேக்கு. ஆனால் போனவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் தங்கிவிட்டார். இந்த ஊரின் சூட்சுமம் இந்தத் தங்கிவிட்டவரிடம்தான் இருக்கிறது.

சுரங்கம் மூடினால் ஊர் காலியாவதே உலக வழக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டோவல் என்றொரு மாவட்டம். நிலக்கரி வெட்டிப் பிழைத்த மலைப்பிரதேசம். 1950-இல் அங்கே சுமார் 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். இயந்திரங்கள் வந்தன, எஃகு நிறுவனம் சுரங்கங்களை மூடியது, மக்கள் தொழில் நகரங்களுக்குக் கிளம்பினார்கள். 2020-இல் எஞ்சியவர்கள் 19 ஆயிரத்துச் சொச்சம். அதிபர் கென்னடி 1961-இல் உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது முதல் கூப்பன்கள் இந்த மாவட்டத்தில்தான் கொடுக்கப்பட்டன. 2016-இல் அங்கிருந்த வால்மார்ட் கடைகூட ஆள் வரவில்லை என்று மூடிக்கொண்டு போனது. அமெரிக்காவில் வால்மார்ட்டே போய்விட்டதென்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தங்க வயல் அப்படிக் காலியாகவில்லை. அதற்குக் காரணம் அதன் செழிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

1875-இல் மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துக்கார முன்னாள் சிப்பாய் இங்கே தோண்ட மைசூர் அரசிடம் அனுமதி பெற்றார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. பாறைக்குள் இறங்க ஆள் வேண்டும். அக்கம்பக்கத்து விவசாயிகள் வரவில்லை. வந்தவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து நிலமற்ற கூலிகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையாரின் வயலில் குனிந்து கிடப்பதைவிட ஆயிரம் அடி ஆழத்தில் குனிவது மேல் என்று கணக்குப் போட்டவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுரங்கங்களில் வேலை செய்தார்கள்.

இந்தத் தொடக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. மற்ற ஊர்களில் ஆலை மூடினால் தொழிலாளி சொந்த கிராமத்துக்குத் திரும்புவான், அங்கே அரைக் காணி நிலமாவது இருக்கும். தங்க வயல்காரனுக்குத் திரும்பிப்போக அப்படி ஒரு கிராமம் கிடையாது. அவன் தாத்தா விட்டுவிட்டு வந்தது நிலத்தையல்ல, சேரியை. நாலு தலைமுறைக்குப் பின் அங்கே போய் யாரைப் பார்ப்பது?

கம்பெனி அவர்களுக்குக் கொடுத்தது 'லைன்' வீடுகள். வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள், மூங்கில் தட்டி வைத்த குடிசைகள், பிற்பாடு ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாகக் கட்டிய சிறு வீடுகள். மேட்டில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். 'லிட்டில் இங்கிலாந்து' என்று இந்த ஊருக்குச் செல்லப்பெயர் வைத்தவர்கள் லைனில் குடியிருந்தவர்களாக இருந்திருக்க முடியாது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கி.மீ. கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்று உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கு விளக்கு வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. ஆனால் அந்த மின்சாரம் முதலில் போன இடம் சுரங்க இயந்திரம்.

கழிப்பறை விஷயத்தில் இந்த ஊருக்குத் தனி வரலாறு உண்டு. லைன்களில் இருந்தவை பொது உலர் கழிப்பிடங்கள். மனிதர்கள் கையால் அள்ளிச் சுத்தம் செய்தார்கள். கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்க நாடெங்கும் போராடி 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன், அப்படி அள்ளிய குடும்பமொன்றில் 1966-இல் இங்கேதான் பிறந்தார். அவர் போராட்டத்தின் முதல் களமும் இந்த ஊரின் கழிப்பிடங்கள்தான். நாட்டின் தங்கத்தை எடுத்துக்கொடுத்த பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பில், 1980-களிலும் கக்கூஸ் கூடையைச் சுமந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே தங்க வயலின் பெருமையைப் பேச வேண்டும்.

பெருமைக்கும் குறைவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். 1965-இல் டாடா ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் ஜப்பானிய, பிரிட்டிஷ் சகாக்களோடு சேர்ந்து காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை இந்தச் சுரங்கத்துக்குள்தான் கண்டுபிடித்தார்கள். தென் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழு அதே காலத்தில் அதே வெற்றியைப் பெற்றது. 120 ஆண்டுகளில் இங்கே எடுத்த தங்கம் மொத்தம் 800 டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

எடுத்தவர்களின் நுரையீரலில் தங்கியது வேறு. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோருக்குச் சிலிக்கோசிஸ் இருப்பதைக் கண்டார்கள். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் நோய். குணமாக்க மருந்தில்லை. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் பெரிய ஆய்வு இதுதான். இன்றும் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் வாயில் அந்த நோய்க்கு 'காசம்' என்றே பெயர். பெயர் மாறினால் நஷ்டஈடும் மாறிவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இருந்தாலும் இந்த மக்களை வெறும் கூலிகளாக யாரும் நடத்திவிட முடிந்ததில்லை. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே வலுவாக வேரூன்றிய இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் முக்கியமானவை. அவர் 1914-இல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. அவருடைய எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை இங்கேயே அச்சிட்டது. இன்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசர் ஆய்வுப்பொருளாக இருக்கிறார். அந்த எழுத்தை அழியாமல் காத்ததில் ஷிஃப்ட் முடிந்து வந்து மண்ணெண்ணெய் விளக்கில் படித்த சுரங்கத் தொழிலாளிக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-இல் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 போராட்டத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பின்னாளில் சட்டமன்றத்துக்கு ரிபப்ளிகன் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, அண்ணா தி.மு.க. என்று கர்நாடகத்தின் பெரும்பாலான தொகுதிகள் யோசிக்காத கட்சிகளையெல்லாம் இந்தத் தொகுதி அனுப்பியிருக்கிறது.

சரி, சுரங்கம் ஏன் மூடியது? 1956-இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமானது. ஆழம் போகப்போகத் தங்கம் குறைந்தது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் மூன்று, நாலு கிராம். செலவு மட்டும் ஏறியது. 1992-இல் நலிந்த நிறுவனமென்று அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அப்போது உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே. 2025-இல் அது 3,000 டாலரைத் தாண்டியது. மூடிய நேரம் சரியில்லை என்று இன்று சொல்வது எளிது. ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்து, மறுபடி ஆள் இறக்கி, லாபம் காட்ட முடியும் என்று சொல்பவர்களை நம்பப் பெரிய மனசு வேண்டும்.

மூடும்போது சுரங்கத்தில் மிச்சமிருந்தது சில ஆயிரம் பேர்தான். ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊருக்கு அது மரண அடியாகியிருக்கக் கூடாது. ஆனது. காரணம், கம்பெனி சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. தண்ணீர், விளக்கு, குப்பை, ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கணக்கிலேயே ஓடின. நகராட்சி செய்யவேண்டியதை நூறு ஆண்டுகளாக ஒரு கம்பெனி செய்துவந்தது, ஒரு நாள் செய்வதை நிறுத்தியது. நூற்றாண்டு கண்ட சுரங்க ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் புதரை வெட்டி, சுவரைத் துடைத்து அதைத் திறக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் கதை இன்னும் வேடிக்கை. பாலாற்றின் குறுக்கே பேத்தமங்கலத்தில் உள்ள ஏரியிலிருந்துதான் சுரங்கத்துக்கும் ஊருக்கும் நீர் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் வாசகர்களுக்குப் பாலாற்றின் இன்றைய நிலைமையை விளக்க வேண்டியதில்லை. கோலார் மாவட்டமே ஏரியை நம்பிய வறண்ட பூமி, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகின்றன. 2018 முதல் பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து இம்மாவட்டத்து ஏரிகளில் விடுகிறார்கள். நிலத்தடி நீரை உயர்த்தவாம். பெங்களூருக்குக் காலையில் ஆட்களை அனுப்பும் மாவட்டம், பதிலுக்குப் பெங்களூரின் கழிவு நீரைப் பெற்றுக்கொள்கிறது.

பிழைப்புக்கு வேறு வழியே இல்லாமல் போய்விடவில்லை. 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ், அதாவது பெமல், மண் அள்ளும் ராட்சத இயந்திரங்களை இங்கே தயாரிக்கிறது. அதில் நிரந்தர வேலை கிடைத்தவன் ஊரில் பெரிய மனிதன். கோலார் பக்கம் நரசாபுரத்தில் ஹோண்டா ஸ்கூட்டர் ஆலையும், 2023-இல் டாடா வாங்கிய ஐபோன் ஆலையும் இருக்கின்றன. மற்றபடி பெங்களூருதான். அங்கே வாடகை கொடுத்துக் குடியிருந்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். ரயில் சீசன் டிக்கெட்டோ சில நூறு ரூபாய். லைன் வீட்டுக்கு வாடகை பெயருக்குத்தான். இந்தக் கழித்தல் கணக்கில்தான் ஊர் ஓடுகிறது. ஓய்ந்த சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக இறங்கித் தங்க மண் தேடுபவர்களும் உண்டு. 2020 மே மாதம் அப்படி இறங்கிய மூன்று பேர் உள்ளேயே செத்துப்போனார்கள்.

இனி அந்தத் தங்கிவிட்டவரின் விஷயம். லைன் வீடும் அது நிற்கும் மண்ணும் கம்பெனிக்குச் சொந்தம். முன்னாள் தொழிலாளர்களுக்கே வீடுகளை எழுதிக்கொடுப்பது என்று சுரங்கம் மூடிய பிறகு மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஒப்புதலுக்கும் பத்திரத்துக்கும் நடுவே எத்தனையோ அமைச்சர்கள் வந்து போய்விட்டார்கள். இன்னும் பல லைன்களில் கையில் காகிதம் இல்லை. காகிதம் இல்லாத வீட்டை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, இடித்துக் கட்டக் கடன் வாங்க முடியாது. காலி செய்தால் வேறு யாராவது நுழைந்துவிடுவார்கள். ஆகவே மகன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்தாலும் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறாள். மக்கள்தொகைக் கணக்கில் மெக்டோவல் போலத் தங்க வயல் சரியாமல் இருப்பதற்கு ரயில் பாதி காரணம் என்றால், இந்த இல்லாத பத்திரம் மீதிப் பாதி.

இந்த நேரத்தில் ஊரின் மண்ணுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. பாறையை அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், 13 மேடுகளாக ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. மொத்தம் 3 கோடி டன்னுக்கும் அதிகம். 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படங்களைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர் இளைஞர்கள் இவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காற்று வீசும் மாதங்களில் இதே மண் பறந்து வந்து லைன் வீட்டுச் சோற்றுப் பானையில் விழுகிறது. ஆயிரம் டன் மண்ணைச் சலித்தால் ஒரு கிலோ தங்கம் கிடைக்கும் என்று ஒரு மதிப்பீடு. இந்த மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 1,003 ஏக்கர் பரப்பில், கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. பாரத் கோல்டு மைன்ஸ் தர வேண்டிய 75 லட்ச ரூபாய் பாக்கியைக் கேட்கவும் மாநில அரசு மறக்கவில்லை. சுரங்கத்தின் உபரி நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கவேண்டும் என்பது அதன் ஆசை. பெங்களூரு-சென்னை விரைவுச்சாலை பேத்தமங்கலம் வழியாகப் போகிறது. மனைப் பிரிவுத் தட்டிகள் முளைக்கத் தொடங்கிவிட்டன.

இதற்கெல்லாம் உள்ளூர்க்காரர்கள் எதிரிகளல்ல. மேடு கரைந்தால் தூசி குறையும், தொழிற்பேட்டை வந்தால் பிள்ளைகளுக்கு ரயில் பயணம் மிச்சமாகும். அவர்கள் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான்: மேட்டுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் லைன் வீட்டுக்குப் பத்திரம். ஏக்கர் கணக்கில் நிலம் கைமாறும்போது, நடுவே கிடக்கும் பத்திரமில்லாத ஒற்றை அறை வீடு, வரைபடத்தில் காலி இடமாகத் தெரியும் என்பது அவர்கள் பயம். மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று அவர்களுக்குப் பத்திரிகை படித்துத் தெரியும். படிக்கிற ஊர் இது.

மூடிய நாளில் கடைசி ஷிஃப்ட் பார்த்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. மூத்தவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வி தொழிலாளியிடமிருந்து விதவைக்கும், விதவையிடமிருந்து பேரனுக்கும் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை நகரும்போதும் ஒரு வாரிசுச் சான்றிதழ், ஒரு இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை. வேலைக்குப் போகும் பேரன் அதற்காக ஒரு நாள் ரயிலை விட வேண்டும். ஒரு நாள் கூலி போகும்.